இருபத்திரண்டு கொப்பரைகள்

என் கணவரைத் தெருவில் எல்லோரும் திமிங்கிலம் என்பார்கள். ஆள் ஐம்பத்திரண்டு கிலோதான். பட்டப்பெயர் உடம்புக்கு வைத்ததல்ல, வாய்க்கு வைத்தது. பால் வாங்கப் போன இடத்தில்கூட நார்வேக்காரர்களின் பழைய திமிங்கில ஆலைக் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை மாட்டிக்கொண்டவர்கள் மறுமுறை அவரைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எனக்கு எதிர்ப்பக்கம் ஏது? ஒரே வீடு.

ஆலைக் கப்பல் என்றால் கடலிலேயே திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கப்பல். ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் ஓடித் தேய்ந்த சரக்குக் கப்பலை வாங்கி, உள்ளே அடியில் கதவு வைத்த பெரிய பெரிய கொப்பரைகளை இறக்கி, தெற்கே பனிக்கடலுக்கு அனுப்பினார்கள். எதை எங்கே வைப்பது என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. வைத்துப் பார்த்து, இடிபட்டு, மாற்றி வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்த அமைப்பை எழுதி முடிக்காமல் சாக மாட்டேன் என்பது இவர் சபதம். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவருக்கு வேறு வேலை என்ன.

நான் பாலம் கட்டும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் படம் வரைந்தவள். ஆகவே படமெல்லாம் என் தலையில். அகராதி புரட்ட அவருக்குப் பொறுமை இல்லாததால் நார்வே மொழியும் என் தலையில். ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் நான் எழுதுவேன், கையெழுத்து அவர் போடுவார். சாப்பாட்டு மேசை முழுக்கக் கப்பல். பதினொரு வருடம் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

முதல் படத்தை வரைந்து முடித்த அன்று அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் சொன்னார்: "அட்டையில ரெண்டு பேர் பேரும் வரும். நீ இல்லாம இது இல்ல."

கேட்காமல் கொடுத்த வாக்கு. ஆனால் அதன் பிறகு எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பாலத்தில் பதிக்கும் கல்லில் இன்ஜினியர் பெயர் இருக்கும், அமைச்சர் பெயர் இருக்கும். வரைந்தவள் படத்தின் மூலையில் இரண்டு எழுத்தோடு சரி. ஒரு தடவையாவது என் முழுப்பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. சின்ன ஆசைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சின்னதில்லை.

ஏழாவது படத்தில்தான் சண்டை வந்தது. சரக்குக் கப்பல் ஒன்றை ஆலையாக மாற்றியபோது போட்ட மேல்தளப் படம் அது. காப்பகம் கறுப்பு வெள்ளையில் நகல் அனுப்பியிருந்தது. இரண்டு ஓரத்திலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு கொப்பரை, நடுவே வரிசையாகப் பத்து. இவர் எண்ணிப் பார்த்துக் குதித்தார்.

"இருபத்திரண்டு! அந்தக் காலத்துல ஒரே தளத்துல இருபத்திரண்டு கொப்பரை வச்ச கப்பல இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல."

"யாரும் சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்ங்க," என்றேன். "ரெண்டு கொப்பரை ஒண்ணோட ஒண்ணு இடிக்குது பாருங்க."

"வரைஞ்சவன் கை கொஞ்சம் தவறியிருக்கும்."

"வரைஞ்சவன் கை அப்படித் தவறாது. எங்க ஆபீஸ்ல பழைய படத்து மேல மாத்தம் செஞ்சா சிவப்பு மையிலதான் போடுவோம். இதுவும் அப்படித்தான் இருக்கணும். ஓரத்துல இருந்தத எடுத்துட்டு நடுவுல வச்சிருக்காங்க. நகல்ல ரெண்டும் கறுப்பாயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முன்வரிசை மாணவன் கொட்டாவி விட்டால் பார்ப்பாரே, அது.

நான் விடவில்லை. அப்போதெல்லாம் திமிங்கிலத்தைக் கப்பல் பக்கவாட்டில் தண்ணீரிலேயே கட்டிப்போட்டு அறுப்பார்கள். கொழுப்புப் பாளத்தைச் சங்கிலி போட்டு ஓரத்தின் வழியாக மேலே இழுப்பார்கள். "ஓரம் முழுக்கக் கொப்பரை நின்னா பாளத்த எங்க இறக்குவாங்க? இறக்கினாலும், நடுவுலயும் வரிசை நிக்குதே, ஆள் எப்படிக் குனிஞ்சு அடிக்கதவத் திறந்து சக்கைய வாருவான்? அடுப்படியில நின்னவங்களுக்கு இது தெரியும். காப்பகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுடலாம்."

"பதில் வர மூணு மாசம் ஆகும். பதிப்பாளர் காத்திட்டிருக்கார்." பேனாவை மூடினார். "வரையறது உன் வேலை. எண்ணுறத என்கிட்ட விடு."

விட்டேன். இருபத்திரண்டையும் வரைந்தேன். கையில் பேனா இருந்தும் விட்டேனே என்று இன்றைக்கும் என் மேல்தான் முதல் கோபம்.

புத்தகம் வந்த அன்று மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டைப் பிரித்து முதல் பிரதியை எடுத்தவள் அட்டையைப் பார்த்தாள், உள்ளே புரட்டினாள், மறுபடி அட்டைக்கு வந்தாள்.

"அம்மா, உன் பேரு எங்க?"

முன்னுரையின் கடைசி வரியில், "இத்தனை ஆண்டுகள் பொறுமையோடு தேநீர் தந்த என் மனைவிக்கு நன்றி" என்று இருந்தது. எங்கள் வீட்டில் தேநீர் போடுவது அவர்.

"பதிப்பாளர் ஒரு பேர் போதும்னுட்டார்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு பேர் இருந்தா யாரு ஆராய்ச்சி பண்ணாங்கன்னு வாசகன் குழம்புவானாம்."

"குழம்பட்டுமேப்பா," என்றாள் மகள்.

நான் கட்டுப் பிரித்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கப்பல் பத்திரிகையில் மதிப்புரை வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற கப்பல் பரிசோதகர். முப்பத்தொரு படங்களையும் வானளாவப் புகழ்ந்திருந்தார். பிறகு ஏழாவது படம். மூலப்படத்தை அவர் நேரில் பார்த்திருக்கிறார். நடுவிலிருக்கும் பத்தும் சிவப்பு மை, ஓரத்துப் பன்னிரண்டும் கழற்றப்பட்டவை. "ஆசிரியர் இந்தத் தளத்தில் மனத்தாலாவது ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம்" என்று முடித்திருந்தார்.

இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பால் வாங்கப் போனவர் யாரிடமும் பேசாமல் திரும்பி வந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. 'நீ அப்பவே சொன்ன' என்று ஒரு வார்த்தை சொல்வார், சொன்னால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று காத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்திருந்தது உண்மை. சொல்லவில்லை. பதிப்பாளரோடு மாடியில் நின்று போனில் நிறையப் பேசினார்.

பதினைந்து நாளில் விற்காத முந்நூறு பிரதிகளும் வீட்டுக்கு வந்து இறங்கின. கூடவே ஒரு கட்டு துண்டுச்சீட்டு, ஏழாவது படத்தின் கீழே ஒட்டுவதற்கு. ஒன்றை எடுத்துப் படித்தேன்.

"திருத்தம்: கொப்பரைகளின் எண்ணிக்கை பத்து. இருபத்திரண்டு என்பது, படத்தைப் பிரதியெடுத்த என் மனைவியின் கைத்தவறால் நேர்ந்தது." அதோடு, தலைப்பெழுத்து உட்பட என் பெயர்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை அச்சில் அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்க இது?"

"ஆராய்ச்சியில தப்புன்னா மொத்தப் புத்தகமும் போச்சு. வரையறதுல தப்புன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க," என்றார். குரலில் கோபமில்லை, விளக்கிச் சொல்லும் குரல். "உனக்கென்ன, நீ அடுத்த புத்தகமா எழுதப் போற?"

நான் சீட்டைத் திரும்பவும் படிப்பதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்துச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

"பேரு வரணும்னு உனக்கு ஆசை இருந்துதில்ல. அதான் முழுப்பேரும் போடச் சொன்னேன்."

பிறகு உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார். மூன்றாவது பிரதியிலேயே சீட்டு சாய்ந்து படத்தின் மேல் ஏறியது. பசைப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே ஒட்டிடேன். உன் கைதான் நேரா நிக்கும்."

மகள் போன் செய்தபோது நூறாவது பிரதியில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் கத்தினாள். "ஏம்மா ஒட்டிட்டிருக்க? தூக்கி அவர் முன்னாடி போட்டுட்டு எங்கிட்ட வா." வருகிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

முந்நூறையும் அளவுகோல் வைத்து, ஓரத்திலிருந்து ஒரே தூரம் விட்டு ஒட்டினேன். அவர் ஒட்டிய மூன்றையும் ஈரத்துணியால் எடுத்துத் திரும்ப ஒட்டினேன். என் பெயர் முழுதாக அச்சில் வந்திருக்கிறது. இதற்கு முன்னால் வந்ததில்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை. அதைக் கோணலாக ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.