வயர் போன வழி

லெஃப்டு பந்தை மேலே போட்டான். முதுகு வளைந்து, தோள் பின்னால் போய், அடி இறங்க வேண்டிய நேரத்தில் படம் போய்விட்டது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளி கொதித்தது. அப்பாதுரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. டிவியின் மண்டையில் தட்டுவது, பின்னால் வயரைப் பிடுங்கிச் செருகுவது, லுங்கி நுனியால் துடைப்பது எல்லாம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. விம்பிள்டன் தொடங்கிய நாளிலிருந்து இதே கதைதான். மத்தியானம் பூராவும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மனுசன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் போகும். ஒரு செட்டை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வரும். தானாக வருகிற பழுதுக்கு நேரம் காலம் கிடையாது. நேரம் பார்த்து வருகிறதென்றால் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். இன்றைக்கு ஃபைனல் வேறு.

லெஃப்டு என்பது அப்பாதுரையாக வைத்த பெயர். உண்மையான பெயரும் வாயில் நுழையவில்லை, அவன் நாட்டுப் பெயரும் நுழையவில்லை. இடதுகைக்காரன், அது போதும். அப்பாதுரையும் இடதுகைக்காரன்தான். திரிசூலம் குவாரியில் சம்மட்டி பிடித்த காலத்தில் அவனுக்கு எதிரில் நின்று மாற்றடி போட ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடி எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று பிடிபடாது என்பார்கள். அதே பயத்தை லெஃப்டின் எதிராளி முகத்தில் பார்க்கும்போது அவனுக்கு வயிறு குளிரும். முதன்முதலில் டென்னிஸ் பார்த்தது யூனியன் ஆபீஸ் டிவியில், தூர்தர்ஷன் மட்டும் இருந்த வருஷத்தில். கடைசி கேம் நடந்துகொண்டிருந்தபோது சிரித்த முகமாக ஒரு அம்மாள் வந்து இந்தியில் செய்தி வாசித்தாள். யார் ஜெயித்தது என்று மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. டெல்லியில் எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று அன்றைக்கே அவன் முடிவு கட்டினான். உயர நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே வெளியே என்று தீர்ப்பு சொல்கிற ஆளையும் அவன் நம்பியதில்லை. அந்த மாதிரி நாற்காலியில் உட்காராத மேஸ்திரிகளிடமே நிறையப் பட்டிருக்கிறான். கோட்டில் பந்து பட்டால் சுண்ணாம்புத் தூள் எழும்பும். அதை மட்டும் நம்புவான்.

நேற்று டீக்கடையில் கேபிள்காரன் சேட்டுவைப் பிடித்தான். சேட்டு கடப்பேரிக்காரப் பையன்தான். மொட்டைமாடியில் டிஷ் வைத்து, தென்னை மரம், கரண்டு கம்பம், கைப்பிடிச் சுவர் என்று கிடைத்ததில் எல்லாம் வயரைக் கட்டி ஊருக்கே படம் காட்டுகிறவன்.

"டேய், நான் பாக்கற நேரத்துக்கு மட்டும் எப்டிடா போவுது?"

"எனக்கும் அதான் பேஜாரா கீதுண்ணா. டிஷ்ஷாண்ட படம் ஃபுல்லா கீது. எங்கியோ வழில போயிடுது. நான் ஏணி எடுத்துகினு வர்றதுக்குள்ள தன்னால வந்துடுது."

"அந்த நேரத்துல வேற எவனுக்குனா சினிமா போடறியா?"

"எங்கம்மா சத்தியமா இல்லண்ணா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதாசலம் கிளாஸைக் கீழே வைத்தான். அப்பாதுரையோடு கல் உடைக்கிற கிரஷரில் வேலை செய்கிறவன். "வெள்ளக்காரன் வூட்டு வெளையாட்ட உத்து உத்து பாத்தா ராணிக்குக் கோவம் வராதாபா? அந்தம்மாதான் புடுங்குது."

கடையே சிரித்தது. சேட்டுவும் சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்ததை அப்பாதுரை மனதில் குறித்துக்கொண்டான்.

இந்தக் கேபிள் சனியனுக்கு முன்னால் வீட்டில் வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு அவன் பெண்டாட்டி அருள்மேரி மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஏதோ ஒரு கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறேன் என்றாள். கிரஷர் வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது, எப்போது மூடுவார்கள் என்று தெரியாது, வேனில் வந்து அழைத்துப் போகிறார்கள், திரும்ப விடுகிறார்கள் என்றாள். வேன் என்ற சொல்தான் அவனுக்கு ஆகவில்லை. எந்த டிரைவர், எத்தனை மணிக்கு, ஓவர்டைம் என்றால் யார் கூட என்று கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குவாரில அத்தினி ஆம்பளைங்க நடுவுல கல்லு சொமந்தேன். அப்ப வராத மானம், ஃபேனுக்கு அடியில ஒக்காந்து தெச்சா வருதா?"

"அங்க நான் இருந்தேன்."

"இருந்த. நீயும்தான் பாத்துகினு இருந்த."

வேலைக்குப் போனால் திரும்பி இந்த வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொன்னதில்லை, நிதானமாகத்தான் சொன்னான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் அவள் வாயை மூடியது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளாகச் சாயந்தரமானால் வீட்டு ஜெபத்துக்குப் போகிறாள். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் கூடுகிறார்கள் என்றாள். இன்றைக்கு சானடோரியம் பக்கம் யாரோ ஒரு வாத்தியார் வீட்டில். வீட்டில் தனியாக ஆட்டம் பார்க்கலாம் என்பதால் அவன் தோண்டிக் கேட்கவில்லை.

படம் வரவில்லை. அப்பாதுரை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். குவாரியில் கம்ப்ரசரிலிருந்து மலைக்குப் போகிற காற்று ஓஸ் குழாய் எங்கே ஓட்டையானாலும் துளை போடுகிற மிஷின் தொய்ந்துவிடும். அதற்கு ஒரே வழி, ஓஸ் கூடவே நடப்பது. கையை மேலே ஓட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காற்று முகத்தில் அடிக்கும். இந்தக் கறுப்பு வயரும் எங்கேயோ ஊற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதை முகத்தில் வாங்காமல் திரும்புவதில்லை என்று நடந்தான்.

வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. வயர் அவன் ஓட்டு மேலிருந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்குப் போனது. அங்கேயும் படம் இல்லை. அப்படியானால் சேட்டு இவன் லைனை மட்டும் வெட்டவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முருங்கையிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து அரிசி மண்டி மாடிக்கு. மண்டிக்காரர் வாசலில் விசிறிக்கொண்டு நின்றார். அவருக்கும் புள்ளிதான். சர்ச் சுவரை ஒட்டித் திரும்பி, பொதுக்கிணற்று இரும்புக் கம்பியில் ஒரு சுற்று சுற்றி, வயர் அடுத்த தெருவுக்குள் நுழைந்தது. முடிச்சு போட்ட இடத்தில் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தான். வெட்டு இல்லை, உரசல் இல்லை. கடைக்கோடி வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடியது. எட்டிப் பார்த்தான். பச்சைப் புல், வெள்ளைச் சட்டை. லெஃப்டு துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். கால் அங்கேயே நிற்கச் சொன்னது. ஸ்கோர் கண்ணில் படுவதற்குள் அந்த வீட்டுப் பெண் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அப்படியானால் ஓட்டை இந்த வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஒரே ஒரு மாடி வீடு, டெய்லர் ஞானம்மாள் வீடு. வயர் அவள் மாடி ஜன்னலுக்குள் போய், அதே ஜன்னல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளுக்கு வயர் வெளியிலிருந்து ஒரு கிளை பிரிந்துதான் போகும். இங்கே முழுசாக உள்ளே போய்வருகிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறான் சேட்டு?

மாடிப்படி ஏறினான். மேல் படியில் பெண்கள் செருப்பு கிடந்தது. வலது கால் வார் அறுந்து அவனே செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சானடோரியம் பக்கம், வாத்தியார் வீடு. சேட்டுவின் வயர் போகிற வீட்டில் அவள் செருப்பு. சேட்டு ஏணியோடு எந்த நேரத்திலும் எந்த வீட்டுக்குள்ளும் போகிறவன். டீக்கடையில் ஏன் வேறு பக்கம் பார்த்தான்? உள்ளே ஏதோ உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. கதவைத் தட்டாமல் தள்ளினான்.

டியூப்லைட் வெளிச்சத்தில் அருள்மேரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மோட்டார் வைத்த தையல் மிஷின். கம்பெனிகளில் இருக்கிற மாதிரி பெரியது, காலை வைத்தால் நாய் மாதிரி பாய்கிறது. தரையில் ஞானம்மாள் கத்தரிக்கோலோடு, சுற்றிலும் தைத்துப் பிரித்துத் தைத்த காலர்கள். இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. அலமாரி மேல் ஒரு தகரப் பெட்டி, ஜன்னல் வழியாக வந்த வயர் அதற்குள் போய் வெளியே வந்தது. பெட்டியின் பிளக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த ஓட்டையில் மிஷினின் பிளக் செருகியிருந்தது.

"வா தம்பி," என்றாள் ஞானம்மாள். "தோ, ஒரு காலர்தான். முடிஞ்சிச்சி."

"இத யாருக்கா புடுங்கனது?"

"நான்தான். ஜாயிண்டு போட்டு ரெண்டும் ஒண்ணா சொருவனா ஃபீஸ் போயிடுது. மூணு கம்பி பிளக்குக்கு வூட்டுல இந்த ஒரு ஓட்டதான் கீது. நம்ப டிவிதான, அப்பால பாத்துக்கலாம்னு."

"உன் டிவி இல்லக்கா. நம்ப தெரு மொத்தத்துக்கும் படத்த ஏத்தி வுடறதே இந்தப் பொட்டிதான்."

ஞானம்மாள் வாயில் கை வைத்தாள். "மாதாவே. சேட்டு ஒரு வார்த்த சொல்லலியே. பொட்டி இங்க இருக்கட்டும் ஆயா, உனக்கு கேபிளு ஃப்ரீன்னான். எங்க வூட்டுல படம் நல்லா தெரியறதுக்கு வெச்சிக்கீறான்னு இல்ல நெனச்சேன்."

அருள்மேரி இன்னும் திரும்பவில்லை. துணியை ஊசிக்கு அடியிலிருந்து இழுத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"உனுக்குத் தெரியுமா?" என்றான்.

"மொத நாள் தெரியாது. அடுத்த நாள் வூட்டுக்கு வந்தா நீ பொலம்பிகினு இருந்த. நேரத்த வெச்சித் தெரிஞ்சிது."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொன்னா அங்க உனுக்கு இன்னா வேலன்னு கேப்ப."

அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது சோற்றுத் தட்டுதான். போன வாரம் எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டே, அந்தச் சேட்டுப் பையன சும்மா வுடாத, நாலு பேர் எதிர்ல கேளு என்றாள். கூடச் சேர்ந்து திட்டினாள். டெல்லிக்காரி, நாற்காலிக்காரன், சேட்டு என்று ஊரில் உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் அவன் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமே கை காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் குரல் பிசகவில்லை.

"ஜெபம்னு சொல்லினு இங்க வந்துகினு இருந்திருக்க."

"ஜெபமும் சொல்லிகினுதான் தெக்கிறேன். இந்த மிஷினு அப்டிப் பாயுது." இப்போதுதான் திரும்பினாள். "நாளைக்குக் காலைல டெஸ்டு. ஒரு காலர் வெச்சிக் காட்டணும், அவ்ளோதான். வேன் சர்ச்சாண்ட வரும். நீ வாணாம்னாலும் போய் நிப்பேன். வூட்டுக்கு வராதன்னு சொன்ன, அதுவும் ஞாபகம் கீது."

"தெரிஞ்சேதான் நிக்கப் போற."

"ஆமா." ஒரு காலரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது முனை கூராக வந்திருந்தது. வலது முனை கொஞ்சம் மழுங்கல். "இது ஒண்ணுதான் வர மாட்டேங்குது. புடுங்கணும்னா இப்ப புடுங்கு. தெக்கும்போது புடுங்காத, ஊசி ஒடைஞ்சிடும். அக்காவுது."

சுவர் ஓட்டை அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு பிளக்கை இழுத்து இன்னொன்றைச் செருக ஒரு நிமிஷம் ஆகாது. தெருவே வாழ்த்தும். லெஃப்டு இந்நேரம் ஜெயித்துக்கொண்டோ தோற்றுக்கொண்டோ இருப்பான். கையைத் தூக்கினானா என்பது அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஞானம்மாள் கத்தரிக்கோலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறோம் என்று தெரிந்தது.

கீழே மொபெட் வந்து நின்றது.

"மேல யாரு, அண்ணனா?" சேட்டுவின் குரல். டார்ச் வெளிச்சம் படிச்சுவரில் ஏறியது. "நல்லதாப் போச்சி. உள்ள பொட்டில செவப்பு லைட்டு எரியுதா பாருண்ணா. இல்லன்னா நான் மேல வரணும்."

அப்பாதுரை திரும்பிப் பார்த்தான். பெட்டி இருட்டாக இருந்தது. அருள்மேரியின் கால் மிஷினின் மிதிபலகைக்கு மேல் தூக்கியபடி நின்றிருந்தது. அவள் சைகை ஒன்றும் காட்டவில்லை, முகத்தில் கெஞ்சலும் இல்லை. ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்காகச் சொல்கிறோமா, பெண்டாட்டி இரண்டு வாரம் ஏமாற்றினாள் என்று டீக்கடைக்குத் தெரியக் கூடாதென்று சொல்கிறோமா என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினான்.

"எரியுதுடா."

"எரியுதா? அப்ப சர்ச்சு சைடுதான். நான் சொல்லல?"

மொபெட் போயிற்று. அவன் மேல் படியில் உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னால் வெகு நேரம் சத்தமில்லை. பிறகு மோட்டார் உறுமியது, ஒரு இழுப்பில் நின்றுவிடாமல் தொடர்ந்து ஓடியது. படம் பார்க்க உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கம்பத்தைக் காட்டினார், இன்னொருவர் கிணற்றைக் காட்டினார். சேட்டு மண்டிக்காரர் மாடியில் ஏறிவிட்டான். அவன் டார்ச் வெளிச்சம் வயரைத் தடவிக்கொண்டு கூரைகளுக்கு மேல் மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, ஒன்றுமில்லை என்று பார்த்து, அடுத்த முடிச்சுக்குப் போனது.