எண்ணூறு மீட்டர் பாதை

சென்னையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் தூரம் ஒன்றுதான் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையாகக் கிடக்கிறது. அதில் நூறு கிலோமீட்டர் மிதித்தவன் வீரன், இருபதோடு திரும்பியவன் கத்துக்குட்டி. செம்பாக்கம் சைக்கிள் குழுவின் தலைவர் ஸ்ரீவத்சன் அந்தக் கணக்கில் மகா வீரர். வங்கி மேனேஜர். ஞாயிறு தவறாமல் மகாபலிபுரம் போய் வருவார். மீதி நேரமெல்லாம் ஊருக்கு உபதேசம்.

அந்தக் கணக்கை நம்பித்தான் அதே குழுவில் இருந்த பள்ளி ஆசிரியை ஜோவிதா காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். போன வருடம் ஒரு குன்றில், “குட்டிப் பாதைம்மா, பிகினருக்கு இதுதான் ஈஸி” என்று அவளை முன்னால் அனுப்பியவர் அவர்தான். குட்டிப் பாதைதான், ஆனால் முழுக்கச் செங்குத்தான இறக்கம். எலும்பில் தகடு வைத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் மண்ணில் குப்புற விழுந்து கிடந்த போட்டோவை ஸ்ரீவத்சன் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். “ஜியாகிரபி டீச்சர் மண்ணை நேர்லயே ஆராய்ச்சி பண்றாங்க” என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே எல்லோரும் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள்.

வலி ஆறிவிட்டது. அந்தப் பொம்மைகள் ஆறவில்லை. அன்றிலிருந்து ஜெபத்தில் பிறரை மன்னிக்கும் வரி வந்தால் ஜோவிதா வாயை மூடிக்கொள்வாள்.

இந்தச் சனிக்கிழமை குழு வேன் பிடித்து, செங்கல்பட்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த மலைச் சைக்கிள் பூங்காவுக்கு வந்திருந்தது. யாருக்கும் பழக்கமில்லாத இடம். எது சுலபம், எது கடினம் என்று பாதைகளுக்கு இன்னும் நிறம்கூட அடிக்கவில்லை. வாசலில் ஒரு வரைபடப் பலகை மட்டும் நின்றது. பாதையைத் தலைவர்தான் தேர்ந்தெடுப்பார் என்பது குழுவின் வழக்கம். ஸ்ரீவத்சன் பலகையில் நேராகச் சின்ன எண்ணைத் தேடினார்.

“எட்டு கிலோமீட்டர்லாம் வேணாம். புதுசா வந்தவங்க இருக்காங்க. இதோ, எண்ணூறு மீட்டர்!”

ஜோவிதாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. சம உயரக் கோடுகளை வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவள். எண்ணூறு மீட்டர் பாதை நெருக்கியடித்த கோடுகளை வெட்டிக்கொண்டு நேரே கீழே பாய்ந்தது. எட்டு கிலோமீட்டர் பாதையோ எந்தக் கோட்டையும் தாண்டாமல் குன்றைச் சுற்றி வந்தது. வாயைத் திறக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விழட்டும். எல்லோர் கண் முன்னாலும் அவர் விழட்டும். போட்டோ எடுக்கப் போனைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டாள்.

“சின்மயி, நீ ஃபர்ஸ்ட் போ. நான் பின்னாடியே வரேன்” என்றார் ஸ்ரீவத்சன்.

சின்மயி போன வாரம்தான் சைக்கிள் வாங்கிய பெண். ஜோவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் என்றைக்காவது தான் முன்னால் போயிருக்கிறானா?

“சின்மயி, இறங்கு.” ஜோவிதா சட்டைக் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினாள். “இதுவும் சார் ஈஸின்னு சொன்ன பாதைதான். இங்க பாரு, கோடு நெருக்கமா இருந்தா செங்குத்துன்னு அர்த்தம். அந்த எட்டு கிலோமீட்டர்ல ஏத்தமே இல்ல. தாம்பரம் மேம்பாலம் ஏறுறவங்க யாரும் அதுல போலாம்.”

“டீச்சரம்மா கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்கப்பா” என்று ஸ்ரீவத்சன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. சின்மயி இறங்கிவிட்டாள். அன்றைக்கு முதல் பொம்மையைப் போட்ட உமேஷ் சைக்கிளை நீளப் பாதைப் பக்கம் திருப்பினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் அங்கே நின்றார்கள்.

“சரி, நான் இதுலயே போறேன்” என்று ஸ்ரீவத்சன் விளிம்புவரை மிதித்துப் போனார். கீழே எட்டிப் பார்த்தார். காலை ஊன்றினார். கல்லும் வேருமாகச் சரிவு கிணறு மாதிரி இறங்கியது. திரும்பியபோது பக்கத்தில் ஜோவிதா மட்டும் நின்றாள்.

“டீச்சர்...” குரல் இறங்கியிருந்தது. “மெதுவா விட்டா இறங்கிடலாம்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் விழுந்தால் என்ன ஆகும்? குழுவே ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். பாவம், எவ்வளவு தைரியம் என்று உச்சுக் கொட்டும். அவரை யாரும் பாவம் என்று சொல்வதை அவளால் தாங்க முடியாது.

“உங்களால முடியாது சார்” என்றாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “சைக்கிளைத் தள்ளிட்டு வாங்க. என் பின்னாடியே வரணும். நான் பிரேக் பிடிச்சா நீங்களும் பிடிக்கணும். சரியா?”

தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். எட்டு கிலோமீட்டரும் ஜோவிதா முன்னால் போனாள். எலும்பு என்றால் சில மாதத்தில் கூடிவிடும், இந்த அவமானம் ஆறாது என்று அவளுக்குத் தெரியும். தேவையே இல்லாத வளைவுகளிலும் பிரேக் பிடித்தாள், பின்னால் அவர் கீழ்ப்படிந்து பிடிக்கிற சத்தத்தைக் கேட்பதற்காகவே.