பினோ தெருவில் நிலம் ஆடிய மதியம்

பினோ தெருவின் மூன்றாவது தூணில் விரிசல் ஓடுகிறது என்று தொம்னிகா குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டாள். மால்டோவாவின் அந்தச் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் அறுத்தவர்கள் கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட தூண்களுக்கு நடுவில்தான் இப்போது ஒயின் பீப்பாய்கள் தெருத்தெருவாகக் கிடக்கின்றன; ஒவ்வொரு நிலத்தடித் தெருவுக்கும் ஒரு ஒயினின் பெயர். தூண்களையும் கூரையையும் சோதிக்கும் பொறியாளர் அவள். தெருவைக் காலிசெய்யச் சொன்னாள். நிலவறைத் தலைவர் லியோன்தே, அவளுடைய அக்கா கணவர், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீப்பாயை அசைத்தால் ஒயின் கெட்டுவிடும் என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மே மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் நிலம் ஆடியது. அனேகமாக எல்லோரும் மேலேதான் இருந்தார்கள். லியோன்தேயை மட்டும் காணவில்லை. காவலாளி தடுக்கத் தடுக்க, தொம்னிகா கைவிளக்கும் சுத்தியலும் கடப்பாரையுமாக உள்ளே இறங்கினாள்.

கூரையிலிருந்து பெயர்ந்த பாறை ஒன்று பெரிய பீப்பாயின் மேல் சாய்ந்திருந்தது. தாங்குகட்டையிலிருந்து நழுவிய அந்தப் பீப்பாய்க்கும் தூணுக்கும் நடுவில் லியோன்தேயின் கால் சிக்கியிருந்தது. தலைக்கு மேலே கல் நறநறத்தது. வெள்ளைத்தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நீ எதுக்கு வந்தே? மேல போ. இன்னும் விழும்."

"விழும்னு நான் சொன்னப்போ மட்டும் உங்களுக்குக் காது கேக்கலையா, அத்தான்?"

பீப்பாய் நிறைந்திருக்கும்வரை அசையாது. முழுக்கக் காலியானால் பாறையைத் தாங்காமல் நொறுங்கும். ஒயின் ஓடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த வழியில்லை; அது காலியாகி முடிவதற்குள் அவரை இழுத்தாக வேண்டும். அவள் சுத்தியலை எடுத்து, பீப்பாயின் அடியிலிருந்த மர அடைப்பை நோக்கி ஓங்கினாள்.

"உடைக்காதே தொம்னிகா. அது பன்னெண்டு வருஷத்து ஒயின்."

"அக்காகிட்ட உங்களுக்குப் பதிலா ஒயினைக் கொண்டுபோய்க் குடுக்கவா?"



அடைப்பு தெறித்தது. ஒயின் பீறிட்டு அவள் மார்பை நனைத்து, சரிவில் இருட்டை நோக்கி ஓடியது. நெடியில் தலை சுற்றியது. பலகையில் காதை வைத்துக் கேட்டாள். ஒயின் இறங்க இறங்க மரம் முனகியது. முனகல் கீச்சென்று மாறிய நொடியில் கடப்பாரையை இடுக்கில் செருகித் தன் முழுக் கனத்தையும் அதன்மேல் போட்டாள். விரற்கடை அளவு இடைவெளி விழுந்தது. அவர் அலறிக்கொண்டே காலை உருவினார். அக்குளில் கைகொடுத்து அவரை அடுத்த தெருவுக்கு இழுத்துப்போனபோது, பின்னால் பீப்பாய் முட்டைபோல உடைந்தது. பாறையைத் தொடர்ந்து கூரையும் இறங்கியது. புழுதியில் சற்றுநேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இருமுவதைக் கேட்டுத்தான் அவர் உயிரோடிருப்பதை அறிந்தாள்.

லியோன்தேயின் பாதத்தை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. திராட்சை அறுவடைக்கு அவர் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினார். பினோ தெருவின் வாயைக் கல் வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். புதுப் பீப்பாய்களை எங்கே வைக்கலாம் என்று ஆட்கள் கேட்டார்கள். "என்னை ஏன்டா கேக்குறீங்க? அவகிட்டக் கேளுங்க" என்றார்.