இரண்டு பேருக்கு ஒரு வேன்

பாஆஆம் என்று ஆரம்பித்த ஹாரன் நிற்கவேயில்லை.

கே.கே. நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணெயோடும், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரோடும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஹாலாஸ்யம் வீட்டு வாசலில் ஒரு பழைய மட்டடோர் வேன் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஹாலாஸ்யம். ஹாரனைத் தட்டினார், குத்தினார், கடைசியில் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவனாண்டி இறங்கி வந்து பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் தெருவுக்குக் காது திரும்பி வந்தது.

"யாருக்கும் தெரியாம வண்டிய வீட்டம்மாகிட்ட காட்டணும்னு சொன்னீகளே சார்," என்றார் சிவனாண்டி. "இப்ப தெரியாத ஆளைத் தேடணும்னா உசிலம்பட்டிக்குத்தேன் போகணும்."

சிவனாண்டிக்குக் கோரிப்பாளையத்தில் பட்டறை. லாரி, வேன்களுக்கு பாடி கட்டுகிற தொழில். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த இந்த வேனை ஹாலாஸ்யத்துக்குப் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஹாலாஸ்யம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஆபீஸில் அவருக்குத் தனி அறை உண்டு. வீட்டில் கிடையாது. அக்கா பட்டு, அத்திம்பேர் சாம்பசிவம், அவர்களுடைய பிள்ளைகள், சித்தப்பா, சித்தி என்று வீடு எப்போதும் கல்யாண வீடு. அவருடைய சொந்தப் பையன் மட்டும் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். கல்யாணமான நாள் முதலாக ஹாலாஸ்யம் தன் மனைவி ஸ்யாமளாவிடம் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததில்லை. பாதியில் யாராவது வருவார்கள். விபூதி டப்பா கேட்டு வருவார்கள், நகவெட்டி கேட்டு வருவார்கள், ஒன்றும் கேட்காமல் சும்மாவும் வருவார்கள்.

போன மாதம் தெப்பக்குளக் கரையில் ஒரு வெளிநாட்டு வேன் நிற்பதைப் பார்த்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வெள்ளைக்காரர் ஒருவர் வெங்காயம் நறுக்க, அவர் மனைவி காலை நீட்டிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹாலாஸ்யம் அரை மணி நேரம் நின்று பார்த்தார். அந்தப் பெண்ணை யாருமே "ஏம்மா, என் துண்டு எங்கே?" என்று கேட்கவில்லை.

அப்போது பிடித்த ஆசைதான் இந்த வேன்.

"படுக்கை இப்படி வரும். ரெண்டு பேருக்கு. இந்த மூலையில ஸ்டவ். மேலே தண்ணி டிரம், கீழே குழாய். குத்தால சீசன்ல கிளம்பறோம். நீயும் நானும் மட்டும். தோணின இடத்துல நிறுத்தறோம், தோணினா கிளம்பறோம்," என்று வேனுக்குள் கையை வீசி விளக்கினார்.

ஸ்யாமளா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வேன் கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்னா, இதுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டோ?"

ஹாலாஸ்யத்தின் காது சிவந்தது. வெளியே நின்ற சிவனாண்டி இருமினார். "பெரிய தாழ்ப்பாளாவே வச்சிருவோம்மா," என்றார்.

அதற்குள் பட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டா ஹாலாஸ்யம், இது என்னது?"

"வேன்க்கா. குத்தாலம் போகலாம்னு..." என்று ஆரம்பித்த ஹாலாஸ்யத்தின் வாய், பழக்க தோஷத்தில் தானாகவே அடுத்ததையும் சொல்லிவிட்டது. "நீயும் வாயேன்."

இது வெறும் பேச்சு. வெளியே கிளம்புகிறவன் இப்படிச் சொல்ல வேண்டும். எதிராளி உடனே, "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பட்டுவுக்குக் குற்றாலம் என்றால் உயிர்.

"இவ்வளவு ஆசையாக் கூப்பிடறே. வராம இருப்பேனா?" என்றாள்.

மறுநாள் ஹாலாஸ்யம் பட்டறைக்குப் போனார். "சிவனாண்டி, படுக்கையைக் கொஞ்சம் குறுக்கி, பக்கத்துல ஒரு ஆள் உட்கார இடம் பண்ண முடியுமா?"

"செஞ்சுருவோம் சார்."

அக்கா வந்தால் அத்திம்பேரைக் கூப்பிடாமல் இருப்பது மரியாதையா? கூப்பிட்டார். சாம்பசிவம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முகவாயைத் தடவிக்கொண்டார்.

"வரேன். ஆனா வண்டியை நீ ஓட்டப்படாது."

"ஏன் அத்திம்பேர்? மூணு மாசமாக் கத்துண்டிருக்கேனே!"

"அதான் தெரு முழுக்கக் கேட்டுதே."

ஆக, டிரைவராக சிவனாண்டியின் மச்சினன் மொக்கையனை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. மூட்டுவலிக்காரரான அத்திம்பேருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று ஸ்டவ் போயிற்று. அத்திம்பேரும் அக்காவும் இல்லாத வீட்டில் பிள்ளைகள் மட்டும் எப்படி இருப்பார்கள் என்று தண்ணீர் டிரம் போயிற்று. சித்தப்பாவிடம் ஹாலாஸ்யம் கெட்டிக்காரத்தனமாகப் பேசினார். "உங்களுக்கு அருவித் தண்ணி ஒத்துக்காது. இல்லேன்னா நீங்களும் வாங்கோன்னு சொல்லியிருப்பேன்," என்றார். "அருவி ஒத்துக்காட்டா என்ன, வேடிக்கை பார்க்கலாமே," என்று சித்தப்பா ஸ்வெட்டரை வெயிலில் காயப்போட்டார். சித்தி மஃப்ளரைத் தேட ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு தடவையும் ஹாலாஸ்யம் தலையைக் குனிந்துகொண்டு கோரிப்பாளையம் போனார். ஒவ்வொரு தடவையும் படுக்கையில் ஒரு பலகை குறைந்தது. ஸ்யாமளா, "ஏன்னா, இன்னிக்கு யாருக்காகப் போயிட்டு வந்தேள்?" என்று மட்டும் கேட்பாள். கேட்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும்.

கடைசியில் சிவனாண்டியே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீக. ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லும்."

"ஸ்கூல் பிள்ளைக உட்கார்ந்த பழைய சீட்டு அம்புட்டும் பின்னாடி கொட்டாயில கிடக்கு. அதை எடுத்துத் திரும்ப மாட்டிப்புட்டா உங்க வேலை முடிஞ்சுரும்."

ஹாலாஸ்யம் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். படுக்கையில் மிச்சமிருந்தது ஒரு பூனை படுக்கிற அகலம்.

"மாட்டிடும்," என்றார்.

"தாழ்ப்பாளு மட்டும் இருக்கட்டும் சார். ஆசையாச் செஞ்சது."

கிளம்புகிற நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் வேன் வாசலில் நின்றது. புளியோதரைத் தூக்கு, ஈரத்துணிக்கு வாளி, அருவிக்கு எண்ணெய், அத்திம்பேருக்குத் தலையணை என்று எல்லாம் ஏறின. எல்லாரும் உட்கார்ந்த பிறகு கடைசி வரிசையில் இரண்டு இடம் இருந்தது. கதவோரமும் அதற்குப் பக்கத்து சீட்டும். ஹாலாஸ்யம் அந்த இரண்டையும் பார்த்தார். பரவாயில்லை. பக்கத்தில் பக்கத்தில்தானே. சித்தப்பாவின் குறட்டைக்கு நடுவே ராஜபாளையம் தாண்டுவதற்குள் ஸ்யாமளாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிடலாம்.

அப்போது தெருமுனையில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. சாம்பசிவத்தின் தங்கை காமு இறங்கினாள். பின்னாலேயே அவள் கணவரும் இறங்கினார். ஆளுக்கு ஒரு பை.

"நல்ல வேளை, கிளம்பலையே!" என்று மூச்சு வாங்கியபடி வந்தாள் காமு. "திருமங்கலத்துலேர்ந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வரோம். வேன்ல இடம் இருக்கு, அவசியம் வரணும்னு இவ்வளவு பிரியமா சொல்லி அனுப்பினேளே!"

ஹாலாஸ்யம் பட்டுவைப் பார்த்தார். பட்டு ஹாலாஸ்யத்தைப் பார்த்தாள். சாம்பசிவம் வானத்தைப் பார்த்தார். வாசலில் வந்து நிற்கிறவர்களை "யார் கூப்பிட்டா?" என்று கேட்கிற துணிச்சல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

"நான் இருந்துக்கறேன்," என்றாள் ஸ்யாமளா. "காமு பாவம், எங்கேயும் போறதில்லே."

"நீ தனியாவா?" என்றாள் பட்டு.

ஹாலாஸ்யம் ஒரு பெருமூச்சு விட்டார். காமுவின் பையை வாங்கிக் கடைசி வரிசையில் வைத்தார். "நானும் இருக்கேன்க்கா. நீங்க போயிட்டு வாங்கோ."

"வேன் வாங்கினவனே வராம எப்படிடா?"

"அடுத்த சீசனுக்கு வரேன்."

"நாலு நாள்ல வந்துருவோம் சார்!" என்று மொக்கையன் கியரைப் போட்டான். வேன் கிளம்பியது. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் ஆடின. தெருமுனை திரும்பும் வரை அத்திம்பேர் மொக்கையனுக்குக் கணக்கு வாத்தியார் குரலில் வழி சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

ஹாலாஸ்யம் உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. இந்த வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும் என்பதே அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஆசை ஆசையாக வாங்கிய வேன், ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு, அவரைத் தவிர எல்லாரோடும் குற்றாலம் போய்க்கொண்டிருந்தது.

ஸ்யாமளா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போகவில்லை. அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலையில் புதிதாக மல்லிகைப்பூ இருந்தது.

"எல்லாம் என் வாய்," என்றார் ஹாலாஸ்யம். "யாரைப் பார்த்தாலும் 'வாங்கோ வாங்கோ'ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ஆனா ஸ்யாமு, சத்தியமா காமுவை நான் கூப்பிடலே. அக்கா முழிச்ச முழியைப் பார்த்தா அவளும் கூப்பிடலே. பின்னே எப்படி வந்தா?"

ஸ்யாமளா காப்பியை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"எல்லாரும் ஏறினப்புறமும் வேன்ல ரெண்டு சீட் மிஞ்சும் போலிருந்துது, அதான் நான் திருமங்கலத்துக்குச் சொல்லி அனுப்பினேன்."