இரண்டு சால் நிழல்

நூல்காரரின் மனைவி இறந்த ஒன்பதாம் நாளிலிருந்து, அவருடைய மரமே இல்லாத சோளக்காட்டில், கிழக்கு வரப்பில், ஒரு மரத்தின் நிழல் விழத் தொடங்கியது. காலையில் மேற்கே நீண்டது, உச்சிவேளையில் சுருங்கியது, மாலையில் கிழக்கே சாய்ந்தது. மற்றபடி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உழுத சால் கோணாமல் நூல் பிடித்தே விதைப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மனைவி ஆண்டுதோறும் அந்த வரப்பில் ஒரு புங்கங்கன்று நடுவாள். இந்த மண்ணிலேயே முளைத்த மரம், வேர் வரப்பைப் பிடித்துக்கொள்ளும், தழை உரமாகும், பறவைகள் வந்து புழுவைப் பார்த்துக்கொள்ளும் என்பாள். நிழல் விழுந்தால் இரண்டு சால் சோளம் கெடும் என்று அவர் ஆண்டுதோறும் பிடுங்கிப் போடுவார். பதினான்காவது கன்றைப் பிடுங்கிய அன்று அவள் சொன்னாள்: "பிடுங்குங்க, பிடுங்குங்க. ஒருநாள் நானே போய் அங்க நிக்கிறேன்."

"நின்னுக்கோ. நீ இருக்கிற ஒல்லிக்கு அரைச் சால்கூடக் கெடாது" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

அந்தக் கோடையில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், நண்பகல் வெயிலில் அதே இடத்தில் சுருண்டு விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவர் நிழல் தேடி ஓடினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அவருடைய நேரான சால்கள்தான் இருந்தன.

நிழல் வந்தபின் வேலையாட்கள் அங்கேயே சாப்பிட்டார்கள். மைத்துனி மட்டும், "அக்கா சொன்னா செஞ்சிருவா, மாமா. காலை மடக்கி உக்காருங்க, அவளை மிதிக்காதீங்க" என்றாள். அவர் மடக்கிக்கொண்டார். மறுநாள் உச்சிவேளையில் நூல் போட்டு, நிழலின் நடுவைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு புங்கங்கன்றை நட்டார். ஐந்தாம் ஆண்டில் அதன் அடிமண் கறுத்தது. ஏழாம் ஆண்டில் ஆந்தை குடியேறி எலிகள் குறைந்தன. வரப்பு எந்த மழைக்கும் கரையவில்லை. இரண்டு சால் சோளம் மெலிந்தது உண்மைதான். மற்ற சால்கள் அதை ஈடுகட்டின.

பன்னிரண்டாம் ஆண்டில் மரத்தின் நிழல் பழைய நிழலின்மேல் நூல் பிசகாமல் பொருந்தியது. எது புங்கை, எது அவள் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மூன்று நாள் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். புங்கையை வெட்டினால் அவள் நிழல் மட்டும் மிஞ்சும் என்று நான்காம் நாள் கோடரியோடு போனார்.

"திரும்பவும் பிடுங்கப் போறீங்களா, மாமா?" என்று மைத்துனி கேட்டாள்.

அவர் கோடரியைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் மேகம் மூடியது. காட்டில் எதற்கும், புங்கைக்கும்கூட, நிழலில்லை. வரப்பில் மட்டும் ஒன்று மிச்சமிருந்தது. அன்றிலிருந்து, எல்லோரும் மழைக்காக வானத்தைப் பார்க்கும்போது அவரும் பார்க்கிறார். மூட்டமான நாட்களில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய், காலை மடக்கி உட்காருகிறார்.