ஆறாவது காஜா

1

இந்தக் கதை என் கால்சட்டையால் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நீளம் குறைக்கக் கொடுத்திருந்தேன். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க தம்பி" என்றார் தையல்கார அக்கா. ஐம்பது நிமிடம் உட்கார்ந்தேன். பின்னறையில் அவர் கணவர் தான் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர்; பக்கவாதத்தில் விழுந்த வலது கை இப்போதுதான் மெல்லத் திரும்பி வருகிறது. அக்கா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்; ஐந்து மாதமாகத் தினமும் காலையில் இப்படித்தானாம். அவ்வளவுதான் நடந்தது.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

பொறுமை என்பது ஒரு

(வேண்டாம். காலண்டர் தாளுக்குத்தான் ஆகும்.)

தெய்வமே இறங்கி வந்து முக்காலியில்

(அக்கா கேட்டால் கத்தரிக்கோலைத் தூக்குவார்.)

3

உண்மையில் அக்காவை நான் நம்பவில்லை. ஐந்து மாதமாகத் தினமும் காலையில் ஒருவர் இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பாரா? திரும்பப் போய்க் கேட்டே விட்டேன்: "உங்களுக்கு எரிச்சலே வராதாக்கா?"

"வராம என்ன! கை பரபரங்கும். அதான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அதுமேலயே உக்காந்துக்குவேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். முதல் மாதம் கணவரின் சட்டைகளில் காஜாவை, அதாவது பொத்தான் நுழையும் துளையை, சத்தமில்லாமல் பெரிதாக்கியிருக்கிறார். கை பழகப் பழக, வாரத்துக்கு ஒரு தையலாக மறுபடி சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. எல்லாம் தன்னாலதான்னு நெனச்சுட்டு இருக்காரு."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். தலையாட்டியது உண்மை, இருக்கட்டும்.]

4

வாசலில் ஓட்டுநர் என்னைப் பிடித்துக்கொண்டார். "காஜா கதைய சொல்லிட்டாளா?"

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"சீருடைய விட்டா, இருபது வருஷமா அவ தச்ச சட்டைதான் போடறேன். அவ தையல் எனக்குத் தெரியாதா? தெரியும்னு சொன்னா அவளுக்கு மனசு விட்டுப்போயிடும். நீங்களும் கண்டுக்காதீங்க."

இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கதையைக் கெடுத்துவிட்டார்கள். நான் எழுத இருந்ததைவிட நன்றாக வாழ்கிறார்கள்.

5

இன்று பணிமனையில் அவருக்குச் சோதனை. தேறினால் மறுபடி பேருந்து. ஆனால் அவரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: சீருடையைத் தானே போட முடியாவிட்டால் போகப்போவதில்லை. "பொத்தான் போட முடியாதவன் அம்பது பேர ஏத்திட்டுப் போகலாமா?"

சீருடை, பேருந்து நிர்வாகம் தைத்துத் தந்தது; அதன் காஜாக்கள் அக்கா கை படாதவை. "அதுல மட்டும் நீ கை வைக்காத" என்று நேற்று அக்காவிடம் சொன்னாராம். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. அப்படியானால் கணவருக்கு எல்லாம் தெரியும் என்று அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

பின்னறையில் இப்போது சீருடையின் ஐந்து பொத்தான்கள் ஏறிவிட்டன. ஆறாவது, கழுத்துப் பொத்தான்.

நான் எழுதிய ஒரு முடிவில் அது நுழைந்தது. இன்னொன்றில் அக்கா எழுந்து போட்டுவிட்டார். ஓட்டுநர் அவரை மன்னித்தார், அப்படி எழுதிய என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். பொத்தான் காஜாவின் விளிம்பில் நிற்கிறது, நழுவுகிறது, மறுபடி வருகிறது.

முடிவு இனி உங்களுடையது. அவசரப்பட்டு நுழைத்துவிடாதீர்கள். அக்கா பக்கத்தில் இன்னொரு முக்காலி காலியாக இருக்கிறது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.