பந்து வருமுன் பிடித்த கை

டோர்ட்மண்ட் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது. அதற்குள், அதைப் பிடிக்க ஓடியவனின் கையை அனுஜன் இழுத்துவிட்டான். நடுவர் நிரோஜன் அதைக் கண்டுவிட்டான். அனுஜனின் அக்கா பிரபாலினியைப் பெண் கேட்டு நாளைதான் போகவிருக்கிறான். அவள் அப்பா இராசலிங்கமோ கோட்டருகே நிற்கிறார்!

இருந்தாலும் தவறைக் காட்டும் மஞ்சள் கொடி அவன் கையிலிருந்து பறந்தது.

ஆட்டம் முடிந்ததும் இராசலிங்கம் வழிமறித்தார். "என்ர பெடியன் அப்பிடி என்ன தம்பி செய்தவன்?"

"பந்து வரமுன்னம் கையைப் பிடிக்கக் கூடாது, மாமா."

"ஓமோ? தாலி வரமுன்னம், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரில என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சனீர். நான் கண்டும் கொடி எறிஞ்சனானோ?"

நிரோஜன் அந்தக் கொடியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு வரேக்க அதை வீட்டில வைச்சிட்டு வாரும்" என்றார் மாமா.